குறுக்கு மரம்

இரைப்பையின் சுவரில் காது வைத்திருக்கிறது
ஒரு கறுப்புக் குழாயின் நுனி.

க்ராயோவாவில் காலை எட்டே கால்.
ஜன்னலுக்கு வெளியே நவம்பரின் கடைசி,
ஈரம் குடித்த டிராம் கம்பிகள்.
இடப்பக்கம் சரிந்து கிடக்கிறார் பொம்பிலியு,
முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர்.
பல்லுக்கிடையில் பிளாஸ்டிக் வளையம்,
நரம்பில் பால் நிறத்து மயக்க மருந்து.

டாக்டர் ஸ்மராந்தாவின் கட்டைவிரல்
சக்கரத்தை நூலளவு திருப்புகிறது.
திரையில்
இருபத்து மூன்று மில்லிமீட்டர் இருட்டு.

அழற்சி என்றாலும் இப்படித்தான் இருட்டும்.
மற்றது என்றாலும் இப்படித்தான்.

தமிழில் இந்த உறுப்புக்குக் கணையம் என்று பெயர்.
பழைய சொல்:
கோட்டைக் கதவுக்கு உட்புறம்
குறுக்கே போட்டு வைக்கும் மரம்.
முதுகெலும்புக்கு முன்னால், இரைப்பைக்குப் பின்னால்
குறுக்கே கிடப்பதால் வைத்தார்களோ என்னவோ.
மற்றதற்குப் புற்று என்று பெயர்.
கரையான் கட்டுவதும் அதே சொல்.
ஸ்மராந்தாவுக்கு இதெல்லாம் தெரியாது.
ஆனால் அவள் கேள்வியும் அதுதான்:
மரம் ஊறி உப்பியிருக்கிறதா,
உள்ளே எதுவும் கட்டிக்கொண்டிருக்கிறதா.

நல்ல கணையம் உப்பும் மிளகும் தூவினாற்போல் தெரியும்.
இவருடையது தேனடை.
மாமனார் காய்ச்சிய பிளம் சாராயம்,
இருபது குளிர்காலம்.
சுண்ணாம்புக் கற்கள் பின்னால் நிழல் நீட்டி நிற்கின்றன.
கற்கள் அழற்சிக்குச் சாட்சி சொல்லும்.
தமக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று மட்டும்
சொல்லாது.

பொத்தானை அழுத்தினாள், நிறம் வந்தது.
கடினம் நீலம், மென்மை பச்சை.
நீலத்துக்கு நடுவே பச்சை,
பச்சையின் கரையில் நீலம்.
வருடக்கணக்கில் தழும்பேறிய சதையும்
கல்லாகத்தானே இருக்கும்.

நர்ஸ் சம்ஃபிரா கை நரம்பில் குமிழிகளை ஏற்றினாள்,
கண்ணுக்குத் தெரியாதவை.
பதினெட்டு விநாடி.
சுற்றிலும் வெளுத்தது.
இருட்டும் வெளுத்தது, கொஞ்சம் பிந்தி,
கொஞ்சம் மங்கலாக.
"தாமதம்தான், மறுப்பில்லை" என்றாள் சம்ஃபிரா.
ஸ்மராந்தா பதில் சொல்லவில்லை.

நேற்று ஒப்புதல் தாளில் கையெழுத்திடும்போது
அவள் வரைந்து காட்டிய நாளத்தின் மேல்
விரல் வைத்துக் கேட்டார் பொம்பிலியு:
"லைன் கட்டிக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வருதா,
இல்லே அங்கேயே முடியுதா?"
"இவருக்கு எல்லாமே டிராம்" என்று
மனைவி வெத்தூரியா சிரித்தாள்.
ஸ்மராந்தா சிரிக்கவில்லை.
அதே கேள்வியை அவள் படித்து முடிக்க
பதினோரு வருடம் ஆகியிருந்தது.

இப்போது அந்த லைனைத் தேடுகிறாள்.
வாலிலிருந்து வருகிறது,
அகன்று, மணி மணியாய்.
இருட்டின் விளிம்பில் ஒடுங்குகிறது.
ஒரு மூச்சு வந்து எல்லாவற்றையும் நகர்த்துகிறது.
மறுபடி.
அதோ, உள்ளே, முடியளவு,
வெள்ளையாய் இரட்டைக் கோடு.
எட்டு மில்லிமீட்டர்.
அப்புறம் ஒரு கல்லின் நிழல்.

ஊசி. மூன்று முறை.
கண்ணாடித் தகட்டில் புழுப்போல் ஒரு வெண்ணிழை.
நுண்ணோக்கியில் குனிந்திருந்த திபேரியு
தலை தூக்காமலே சொன்னான்:
"நார். அழற்சி செல்கள். வேறெதுவும் இல்லை."

இல்லை என்றால்
அங்கே இல்லையா,
ஊசி போன வழியில் இல்லையா?

"புற்றுநோய் இல்லை" என்று தட்டச்சினாள்.
அழித்தாள்.
"காணப்படவில்லை."
இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம்.

கண் விழித்ததும், தடித்த நாக்கால்,
பொம்பிலியு கேட்ட முதல் சொல்:
"போகுதா?"
"பாதி வரை பார்த்தேன்" என்றாள்.
அவர் யோசித்தார், அல்லது தூங்கினார்.
வெத்தூரியா சூப்பைப் பற்றிக் கேட்டாள்,
பாலேடு சேர்க்கலாமா.
கூடாது, ஒரு கரண்டி கூட.

சம்ஃபிரா நாட்காட்டியில்
எழுதிக்கொண்டிருந்தாள்:
ஜனவரி ஒன்பது, எட்டே கால்,
வெறும் வயிறு.