பச்சைப் புள்ளி

எல்கோய்பாரில் தூறலுக்குச் சிரிமிரி என்று பெயர்.
பெயரில்தான் சிரிப்பு.
தேபா ஆற்றங்கரைப் பட்டறையின் தகரக் கூரையில்
நாளெல்லாம் அது நசநசத்துக்கொண்டிருக்கும்.

கர்பிஞே அங்கே பொருளறைக்காரி.
ஜன்னல் வழியே புது டிரில் கொடுப்பாள்,
மழுங்கியதை வாங்கி வாளியில் போடுவாள்,
நோட்டில் ஒரு கோடு.
பதினாறு வருடம்.
அவள் கையைவிட்டுப் போனவை எல்லாம் கூர்,
திரும்பியவை எல்லாம் மொண்ணை.
நடுவில் என்னதான் நடக்கிறது என்று
நாற்பத்தேழாவது வயதில்தான் கேட்கத் தோன்றியது.

வெளியே சாணை பிடித்துத் தருபவரின் ரசீது
அந்த மாதமும் வந்தது.
"இதை நான் செய்கிறேன்" என்றாள்.
"செய்யேன்" என்றார் கணக்கர்,
தலை தூக்காமல்.

மாட்டுமுன் சாணைக்கல்லை
விரலில் தொங்கவிட்டுக் கட்டையால் தட்டினாள்.
கணீரென்றால் முழுசு.
சொத்தென்றால் உள்ளே விரிசல்.
மண்பானை வாங்கத் தெரிந்தவருக்கு இது சொல்லாமலே புரியும்.
அவள் பானை வாங்கியதில்லை;
கையேட்டில், பக்கம் ஒன்பதில் படித்தாள்.
கையுறை கூடாது.
சுழலத் தொடங்கும் முதல் நிமிடம்
கல்லுக்கு நேர் எதிரே நிற்காதே.

பொறி என்றால் நமக்கு இயந்திரம்,
பொறி என்றால் தீத்துளி,
பொறி என்றால் கண்ணும் காதும் மூக்கும் தோலும்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் அத்தனையும்
அந்த ஒரு மூலையில் உரசிக்கொண்டு நின்றன.

முதலில் எடுத்தது பழைய கார்பன் எஃகு.
மத்தாப்பாய்ப் பூத்துக் கொட்டியது.
நுனி வைக்கோல் நிறமாகி,
கத்தரிப்பூ நிறமாகி,
நீலத்தில் நின்றது.
அழகுதான்.
பதம் போன அழகு.

இரண்டாவது வெட்டவே இல்லை, தேய்த்தது.
கீச்சென்று பட்டறை முழுக்கக் கத்தியது.
உதடு கூர், ஆனால் குதிகால் மேடு.
வெட்டிய கையோடு விலகிக்கொள்ள
உதட்டுக்குப் பின்னே ஒரு சரிவு வேண்டும்.
பத்துப் பாகை போதும்.
அதை அவள் கொடுத்திருக்கவில்லை.

மூன்றாவதில் ஒரு உதடு நீளம், ஒன்று குட்டை.
பத்து மில்லிமீட்டர் டிரில்
பத்தரைக்குத் துளை போட்டது.

தான் தீட்டியவற்றின் தண்டில்
பச்சை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.
ஜன்னலில் கொடுத்தாள்.
ஓயெர் நன்றி சொல்லி வாங்கிப் போனான்.
வெள்ளிக்கிழமை கழிவு வாளியைக் கவிழ்த்தால்
இருபத்தாறு பச்சைப் புள்ளிகள்.
பல, உலோகத்தைத் தொடாதவை.

யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.
அதுதான் சுருக்கென்றது.

இருபத்தாறையும் துடைத்துத் துணியில் வரிசையாய்க் கிடத்தி
பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றின் முகமாகப் பார்த்தாள்.
இது அவசரம்.
இது கல் வழவழத்த பிறகும்
வைரமுனையால் சீர்செய்யாமல் ஓட்டிய சோம்பல்.
இது தோள் இறங்கி, மணிக்கட்டு மட்டும் திரும்பியது.
இது என்னவென்றே தெரியவில்லை.

மறுபடி சாய்த்தாள்.
மெல்ல அழுத்தி, மேலேற்றி, பின்புறம் தாழ்த்தி,
அரைச்சுற்று திருப்பி
அதே தூரம், அதே கனம்.
அதே என்பதுதான் வரவில்லை.
குளிர்காலம் முழுக்க வரவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய், ஆளில்லா நேரம்,
கழிவு எஃகுத் துண்டில் ஒன்றை இறக்கினாள்.
சத்தமில்லை.
இரண்டு பள்ளங்களிலிருந்தும்
இரண்டு சுருள் ஒரே தடிமனில்
ஒரே வேகத்தில் எழுந்து
இரண்டும் ஒன்றாய் ஒடிந்து விழுந்தன.
இன்னொரு துளை போட்டுப் பார்த்தாள்.
பிறகு இன்னொன்று, தேவையே இல்லாமல்.

ஏப்ரல் கணக்கில் எட்டு டிரில் குறைந்தது.
எல்லாம் பச்சைப் புள்ளி.

இட்சாசோவின் அலமாரிக் கதவு பாதி திறந்திருந்தது.
சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால்
எண்ணெய்த்துணியில் சுற்றி நான்கு.
ஜன்னலில் புது டிரில் நீட்டினால்
ஓயெர் இப்போதெல்லாம் "வேறு இல்லையா" என்கிறான்,
மேல்பையில் ஏதோ துருத்திக்கொண்டிருக்க.

கர்பிஞே நோட்டைத் திறந்தாள்.
காணவில்லை: எட்டு, என்று எழுதினாள்.
யாரிடமும் கேட்கவில்லை.
நகப்பூச்சுக் குப்பியைக் குலுக்கிப் பார்த்தாள்,
அடியில் கொஞ்சம்தான் இருந்தது.