ஆறு மணி வரைக்கும்

புறக்கோட்டை இரும்புக்கடைத் தெருவில்
பை நிறைய வால்வு மாதிரிகளோடு
த்ரீவீலர் ஏறினேன்.
டிரைவர் சீட்டின் முதுகில் ஒரு படம், ரத்னசிறி என்று பெயர்.
படத்தில் மீசை இருந்தது, ஆளிடம் இல்லை.

"இந்தியாவா?"
கண்ணாடியில் கண் மட்டும் கேட்டது.
கோயம்புத்தூர் என்றேன்,
அது ஏதோ வேறு நாடு என்பதைப் போல.

கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை மழை.
பாதித் தமிழ், பாதி ஆங்கிலம்,
நடுவில் எனக்குப் புரியாத சிங்களம்.
உங்க படகு ஏன் எங்க கடலுக்கு வருது,
வெங்காயத்துக்கு ஏன் உங்க ஊரில் விலை போடுறது,
"முதல்ல பட்டாளம் அனுப்பியது,
அப்புறம் கடன் அனுப்பியது,
இப்ப என்ன அனுப்புறது?"

வால்வு, என்றேன்.
அரை அங்குலத்திலிருந்து நாலு அங்குலம் வரை.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.
பம்பலப்பிட்டி சிக்னலில் இன்ஜினை அணைத்துவிட்டு
"நல்ல சாமானா?" என்றார்.
இறங்கும்போது
மீட்டரில் விழுந்ததை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தேன்.
ஏற்றுமதிப் பிரிவு சுலோச்சனா
விமானம் ஏறுமுன் சொல்லி அனுப்பியிருந்தாள்:
அரசியல் பேசினால் மழையைப் பற்றிப் பேசு.
மழையும் அரசியலானால்
குழந்தைகள் எத்தனை என்று கேள்.

வெள்ளவத்தையில்
மழை தேவைப்படாது என்று நம்பினேன்.
பலகையெல்லாம் என் எழுத்து.
ரயில் பாதைக்கு இறங்கும் சந்தில் ஒரு சாப்பாட்டுக்கடை.
இலை இல்லை, தட்டின் மேல் பாலிதீன் தாள்.
புட்டு கேட்டேன்.
வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"இந்தியாவோ?"

நாமெல்லாம் ஒன்றுதானே, தமிழ்தானே என்றேன்,
வரிசையில் முன்னால் நுழைகிறவள் போல.

கல்லாவில் ஒட்டியிருந்த கரண்டு பில்லில்
கனகசூரியம் என்றிருந்தது.
அவர் சொதி வாளியைக் கீழே வைத்தார்.
"ஓம். அதுதான் கரைச்சல்.
நீங்கள் அங்க மேடையில நிண்டு கத்துவியள்.
கத்தி முடிய, தண்ணி குடிச்சிட்டு வீட்ட போவியள்.
நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு
இங்க எங்கட கடைக் கண்ணாடிக்குத்தான் விளங்கும்."

பக்கத்து மேசைக்காரர்
அப்பளத்தை உடைக்காமல் கையில் வைத்திருந்தார்.
கடலோரம் ரயில் ஒன்று
சத்தத்தை மட்டும் உள்ளே விட்டுப் போனது.
மழையும் நின்றிருந்தது.

மேடை ஏறியதே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
அது உண்மையும்கூட.
வாய் வேறொன்றைச் சொன்னது.
நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது
உங்களுக்காக ஒருநாள் கடையடைப்பு.
எங்கள் பள்ளிக்கு லீவு.
காலையிலிருந்து பாண்டி ஆடினோம்.
கடை இருக்காதென்று முந்தின நாளே
கோழி வாங்கிக் கட்டிவைத்திருந்தார்கள்.
அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்தார்.
அவ்வளவு நல்ல நாள் அது.

சொன்ன பிறகுதான் காது சுட்டது.

அவர் கோபப்படவில்லை.
ஈரத்துணியால் ஒரே இடத்தை
இரண்டுமுறை துடைத்தார்.
"எத்தினை மணி மட்டும் பூட்டினனீங்கள்?"

ஆறு மணி வரைக்கும்.

தலையாட்டினார்,
பழைய கணக்கில் விடுபட்ட தொகையைக்
குறித்துக்கொள்பவர் போல.

பில்லில் இரண்டாம் தடவை ஊற்றிய சொதிக்கும்
காசு போட்டிருந்தது.
பலகையில் இலவசம் என்றிருந்தது.
கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு
அந்தச் சந்தில் வேறு கடை திறக்கவில்லை.
திறந்திருந்தாலும் இங்கேதான் வந்திருப்பேன்
என்று எழுதத் தோன்றுகிறது.
பொய்யாக இருக்கலாம்.

அதே மேசை.
புட்டா இடியப்பமா என்றுகூட அவர் கேட்கவில்லை.
இடியப்பம் வந்தது.
காலருகே பையை நகர்த்தியபோது
உள்ளே பித்தளை முட்டிக்கொண்டது.
"அதென்ன?"

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
இந்தப் பக்கம் தண்ணீர் போகும்,
போனது திரும்பி வராது.

உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார்.
வாயில் வைத்து ஊதினார்; காற்று போனது.
திருப்பிவைத்து இன்னொருமுறை ஊதினார்.
கன்னம் மட்டும் உப்பியது.