ஏழு யூனிட்

ஐந்நூற்று ஏழு என்றாள் கோமதிவல்லி.
ஸ்கூட்டரை அணைக்கவில்லை,
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை,
வெள்ளை அட்டையில் எழுதிவிட்டாள்.

அறுபதாம் நாள் வந்திருந்தால்
நானூற்று முப்பத்தைந்தோடு போயிருக்கும்.
வந்தது அறுபத்தொன்பதாம் நாள்.
நாலு பேர் பார்த்த ஊர்களை
நான் ஒருத்தி பார்க்கிறேன் அக்கா, என்றாள்.
அதற்கு மேல் என்ன கேட்க.
அவள் முகமெல்லாம் வெயில்.

ஐந்நூறைத் தாண்டினால்
தாண்டிய ஏழுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை.
போன மாதமே எரிந்து அணைந்த பல்புக்கும்,
சூசைவியாகுலம் கடலில் கிடந்த ராத்திரிகளில்
எனக்கும் பிள்ளைக்கும் சுழன்ற ஃபேனுக்கும்
திரும்பிப் போய் விலை போடுகிறார்கள்,
குழம்பு வைத்துத் தின்று
முள்ளையும் பூனைக்குப் போட்ட மீனுக்கு
இன்றைக்கு வந்து ஏலக்காரன்
கூடக் காசு கேட்பதுபோல.

எந்த ஏழு?
பிரகாசியம்மாளின் இன்சுலின்
என் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது,
முட்டைக்குப் பக்கத்தில்.
டெனிஸ்டனின் போன், அவன் கூட்டாளிகளின் போன்
என் ஜன்னலில் வரிசையாகத் தொங்கும்.
கணவாய் விலை விழுந்த வாரம்
மூன்று வீட்டுக் கணவாய்
என் பெட்டியில் கல்லாகக் கிடந்தது.
யார் பங்கு இதில் எத்தனை என்று
எந்த மீட்டரும் பிரித்துக் காட்டாது.
நானும் கேட்கமாட்டேன்.
கேட்டால்தான் என்ன என்று
ரசீதைப் பார்க்கும்போது தோன்றும்.

வழுதூரில் மண்ணுக்கடியிலிருந்து
வாயு எடுத்துச் சுற்றுகிறார்கள்.
கமுதிப் பக்கம் வெயிலைப்
பலகை பலகையாக விரித்திருக்கிறார்கள்,
நாங்கள் கருவாடு விரிப்பதுபோல.
பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்:
ஊர் முடிந்தும் அது முடியவில்லை.
மேலே கோபுரம் கோபுரமாகக் கம்பி
பனங்காட்டைத் தாண்டி வடக்கே போகிறது.
எங்கள் வெயில்தான்.
எங்களுக்கு வரும்போது
எங்கெங்கோ போய்க் களைத்து வருகிறது.

அதுவும் மார்கழியில் வராது.
வாடை கொண்டுவந்த உப்பு
கம்பத்துப் பீங்கானில் ஒட்டும்.
பனி இறங்கினால் நள்ளிரவில்
படபடவென்று நீலமாகப் பொரியும்.
ஊரே ஒரு மூச்சில் இருண்டுவிடும்.
விடிந்தபின் லைன்மேன் பூவலிங்கம்
ஏணியும் ஈரத்துணியுமாக வந்து
கம்பத்துக்கு முகம் துடைத்துவிடுவார்.
அந்த இருட்டில் இரண்டு யூனிட் மிஞ்சியது,
பெட்டியில் இருந்த நண்டு நாறிப்போனது.
நண்டின் விலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கட்டிவிட்டேன்.
சாயல்குடிக்குப் போய்,
வரிசையில் நின்று,
சில்லறை இல்லையா என்று ஏச்சு வாங்கி.

அன்றிலிருந்து மீட்டருக்குக் கீழே
சுவரில் தினமும் எழுதுகிறேன்.
கருவேலங்கரித் துண்டு ஒன்று
அதற்கென்றே வைத்திருக்கிறேன்.
சூசை சிரிக்கிறார்:
காற்று எழுதுகிறாயா, நீரோட்டம் எழுதுகிறாயா?
இரண்டும்தான் என்றேன்.

இன்றைக்கு அறுபத்தோராம் நாள்.
நானூற்றுத் தொண்ணூற்றொன்று.
ஒன்பது மிச்சம்.
ஃபேனை இரண்டில் வைத்திருக்கிறேன்.
தெருமுனையில் எந்த ஸ்கூட்டர் திரும்பினாலும்
எட்டிப் பார்க்கிறேன்.

சாயங்காலம் டெனிஸ்டனின் அம்மா
ஈரச் சாக்கில் எதையோ பொதிந்து
வாசலில் வந்து நிற்கிறாள்.
ஒரு ராத்திரிதான், காலையில் வியாபாரி வந்துவிடுவான்.
சுவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.
அவளுக்கும் எண் தெரியும்.

பெட்டியைத் திறக்கிறேன்.
உள்ளே அந்தச் சின்ன பல்பு எரிகிறது.
அதுவும் கணக்குதான்.
சீக்கிரம் வை, என்கிறேன்.