பழைய ஹேண்டில்பாரில் காயும் துண்டு

எட்டு மணி நேரம்
டைல்ஸ் கிடங்கின் கணக்கு நாற்காலி.
இறங்கி வந்து பைக்கில் ஏறினால்
அதுவும் நாற்காலி.
முழங்கை அகட்டி, முதுகு நிமிர்த்தி,
விசா நேர்காணலுக்கு வந்தவனைப் போல
ஷார்ஜாவிலிருந்து ஷார்ஜாவுக்கே
போய்க்கொண்டிருந்தேன்.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் குல்ஸமானின் ஒர்க்‌ஷாப்.
அடிபட்ட பந்தய வண்டியொன்றிலிருந்து
கழற்றி வைத்திருந்தான்
இரண்டு குட்டைக் கைப்பிடிகள்.
நூற்றெண்பது திர்ஹம் என்றான்.
அவன் உருதுவும் என் உருதுவும் மோதி
நூற்றிருபதில் நின்றது.

பழையது நான்கு போல்ட்டில் கழன்று வந்தது.
நான்கே போல்ட்.
இத்தனை வருஷம் என்னை
நேராக உட்கார வைத்திருந்தது அவ்வளவுதான்.

புதியதை ஃபோர்க்கின் கழுத்தில்,
மேல்தட்டுக்கும் கீழே, இறுக்கினான்.
கிளட்ச் கேபிள் இப்போது நீளம் அதிகம்,
செருப்பை எங்கே விடுவதென்று தெரியாத விருந்தாளியாக
வளைந்து நின்றது.
பிரேக் ஹோஸுக்கு வேறு வழி பார்த்தான்.
முழுக்கத் திருப்பினால்
டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே
என் கட்டைவிரல்.
“யூ டர்ன் மட்டும் அடிக்காதே” என்றான்.
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே,
“நானும் பதினோரு வருஷமாய் அடிக்கவில்லை” என்றான்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

முதல் வாரம்
மணிக்கட்டு இரண்டும் கல்.
டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தேன்.
கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெரியவில்லை,
என் முழங்கைதான் தெரிந்தது.
“யாரைலே இப்டி கும்பிட்டுட்டே போற?”
கட்டிலின் மேலடுக்கிலிருந்து பனிமயராஜ்.
பழைய ஹேண்டில்பாரை
இரண்டு கட்டிலுக்கும் இடையே கட்டி
அவன்தான் துண்டு காயப்போட்டான்.
எங்கள் அறையில் முதன்முதலாக
ஏசிக் காற்று படும் கொடி.

வெள்ளிக்கிழமை, விடியுமுன்,
மலீஹா சாலை.
எண்பது வரை
உடம்பின் மொத்தக் கனமும் உள்ளங்கையில்.
நூறைத் தாண்டியதும்
எதிர்க்காற்று நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்தது.
மணிக்கட்டு காலியானது.
விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன.
காற்றின்மேல் குப்புறப் படுத்திருந்தேன்,
பெட்ஸ்பேஸ் வாடகை இல்லாமல்.

வாடகை பிறகு வந்தது.
கேமரா எடுத்த படத்தோடு, மொபைலுக்கு.

மார்ச்சில் முல்கியா புதுப்பிக்க வேண்டும்.
பாஸிங்குக்கு எல்லாம் கம்பெனி கொடுத்தபடி இருக்க வேண்டும்.
ஈரத் துண்டுகளைப் பனிமயராஜின் தலையணைமேல் போட்டுவிட்டு
அவிழ்த்துக்கொண்டு போனேன்.
குல்ஸமான் மறுபடி நான்கு போல்ட்.

சோதனை அதிகாரி சின்னப் பையன்,
ஷூவில் தூசியே இல்லை.
ஹேண்டிலை இடம் வலம் திருப்பினான்.
குனிந்தான்.
கைப்பிடி ஓரத்தில் ஒரு நீல நூல்,
துண்டின் நூல்.
இரண்டு விரலால் அதை எடுத்து
வெளிச்சத்தில் பார்த்தான்.
“ஒரிஜினலா?”
“ஒரிஜினல்.”
ஊதிவிட்டு முத்திரை குத்தினான்.

திரும்பும் வழியில்
கார்களின் கூரைக்கு மேலே என் தலை.
ஒரு டிரெய்லர் ஓட்டுநர்
ஸ்டீயரிங்கில் குப்பூஸை விரித்து
பருப்பு தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
லேபர் பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றிலும்
தூங்கும் தலை,
பிரேக் போட்டபோது எல்லாம் சேர்ந்து
ஆமாம் என்றன.
ஒரு வருஷமாக இதே சாலையில்
நான் பார்த்தது தார்.

குல்ஸமான் குட்டைக் கைப்பிடிகளை
எண்ணெய் போட்டுத் துடைத்து
மேஜைமேல் வைத்திருந்தான்.
“மாட்டவா?”
“நாளைக்கு.”
“நாளைக்கு வெள்ளி, கடை இல்லை.”
“அப்ப சனி.”
என் மணிக்கட்டைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது.
“ஏலே, கம்பி எங்கலே?
துண்டு பூரா நாத்தம் எடுக்கு.”