பதினாலாம் ஸ்லைடு

கடைசிச் சொல் முடியும்வரை
‘அடுத்து’ பொத்தான் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும்.
நேரப்பட்டையை முன்னே இழுத்தால்
ரப்பர்போல் பழைய இடத்துக்கே வந்துவிட வேண்டும்.
பின்னே போகலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.
வேகம் கூட்டும் வசதி கூடாது.
வேறு ஜன்னலைத் திறந்தால் குரல் நின்றுவிட வேண்டும்.
குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் கேட்டது இவ்வளவுதான்.
அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது:
இருபத்திரண்டு ஸ்லைடு, முப்பத்தெட்டு நிமிடம்,
இருநூற்றுப் பத்துத் தொழிலாளர்.

செய்துகொடுத்தேன்.
ஒரு மாறி. அதன் மதிப்பு பொய்.
ஒலி முடிந்ததும் மெய்.
மெய்யானால் பொத்தான் நீலமாகும்.
ஆளைக் கட்டிப்போட இவ்வளவு போதும் என்பதில்
எனக்கே கொஞ்சம் கூச்சம்.

குரலுக்குப் பணம் ஒதுக்கவில்லை.
“உன் குரல் நன்றாகத்தானே இருக்கிறது” என்றாள் டார்லீன்.
வின்னிபெக்கில் ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
பெம்பினா சாலை அடுக்ககத்தில்
கோட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து,
முகத்தில் யாருடைய கையோபோல் ஒரு கம்பளிக்கை உரச,
கீழுதட்டைப் பல்லால் கடித்து
வால்வ், வால்வ், வால்வ் என்று
பழகிப் பழகிப் பதிவு செய்தேன்.

மூன்றாம் வாரம் அறிக்கையில் ஒரு சிவப்புக் கோடு.
40617. பெயர் வராது, எண் மட்டும்.
பதினாலாம் ஸ்லைடு, ஒன்பது முறை.
மற்றவர்கள் ஒரே முறை,
பொத்தான் நீலமான நொடியே தப்பி ஓடியவர்கள்.
இவர் மட்டும் பட்டையைப் பின்னே இழுத்து, இழுத்து,
ஒரே இடத்துக்கு,
இரண்டு நிமிடம் ஏழாம் நொடிக்கு.
“ஆங்கிலம் கஷ்டமோ, வாக்கியத்தைச் சின்னதாக்கு.”
நான் சந்தேகப்பட்டது என் வால்வை.

பிறகு உதவிப் பெட்டிக்கு ஒரு கடிதம்,
ஆங்கில எழுத்தில் தமிழ்:

“அக்கா, வால்வ் எண்டு சொன்ன விதத்திலயே
எங்கட ஆள் எண்டு விளங்கிட்டுது.
குறை சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம்.
பதினாலாவதில பின்னால ஒரு குக்கர் விசில் அடிக்குது.
மனிசி குசினியில நிண்டு
அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறா.
மூண்டாச்சு எண்டு அடுப்பை நூர்த்துப்போட்டா.
பருப்பு வேகேல்லை.
எனக்குத்தான் பேச்சு.
கம்ப்யூட்டரில இருந்துதான் வந்தது எண்டு காட்ட
திருப்பித் திருப்பிப் போட்டனான்.
இப்ப நம்பிட்டா.
நிமலரூபன், இரவு ஷிப்ட்.”

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.
“காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடக்கவும்” என்கிறேன்,
நிதானமாக, பலமுறை தப்பித்தவள்போல.
அந்த ‘நடக்கவும்’க்கு அடியில்,
அத்தனை கம்பளியையும் தாண்டி,
என் அடுப்பு. என் சனிக்கிழமைப் பருப்பு.
எத்தனை தடவை சோதித்தேன்!
பொத்தான், பூட்டு, பட்டை, எழுத்துப்பிழை.
மற்ற இருநூற்று ஒன்பது பேர் காதிலும் விழுந்ததுதான்.
அவர்களுக்கு அது குழாயில் ஏதோ ஆவி.
டார்லீன்கூட,
“அந்தச் சத்தத்தை நீ வேண்டுமென்றே சேர்த்தாய் என்று நினைத்தேன்,
பொருத்தமாக இருந்தது” என்றாள்.

மறுபடி பதிவு செய்தேன்,
அடுப்பை அணைத்து, ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி,
பனி கொட்டிச் சாலையும் வாயடைத்துப்போன ஓர் இரவில்.
சுத்தமாக வந்தது. யார் வீட்டிலும் இல்லாததுபோல.
பூட்டுகள் அப்படியே, ஒப்பந்தம் அப்படி.
முடித்தவர்களுக்கு மட்டும்
முன்னும் பின்னும் எங்கும் போகலாம் என்று
ஒரு வரி சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

‘எங்கள் வீட்டில் நாலு விசில் கணக்கு’ என்று
அவருக்குப் பதில் தட்டினேன்.
அழித்துவிட்டு,
‘சரிசெய்யப்பட்டது, நன்றி’ என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கை.
40617, முடித்தார், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.
கீழே இன்னொரு வரி, இரவு பதினொன்று நாற்பதுக்கு:
முடித்த பாடத்தைத் திறந்திருக்கிறார்,
நேரே பதினாலுக்கு,
இரண்டு நிமிடம் ஏழாம் நொடிக்கு.
பதினோரு நொடி இருந்திருக்கிறார்.
வெளியேறினார்.