வெறும் எடை

வெள்ளகோவில் தாண்டி மூலனூர் ரோட்டில்
அறுபது டன் எடைமேடை.
அதை ஒட்டி எட்டுக்கு எட்டு அறை.
அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், நான்,
ஒரு முறுக்கு டப்பா.

காலையில் முருங்கைக்காய் வண்டிகள்,
பிறகு கொப்பரை, கோழித்தீவனம், தேங்காய் மட்டை.
"ஏனுங்கக்கா, சீட்டுப் போட்டாச்சுங்களா?"
"தார்ப்பாயோட எடைய கழிச்சுப் போடுங்க்கா."
பதில் சொல்லவே வாய் போதாது.

இரண்டு மணிக்கு ரோடு காலியாகிவிடும்.
தாராபுரத்துப் பக்கம் நிற்கும் காற்றாலைகளில்
எது சுற்றுகிறது எது நிற்கிறது என்று
எண்ணிக்கொண்டே இருப்பேன்.
ஏழாவதை எண்ணும்போது
வாயில் முறுக்கு இருக்கும்.

பசி இல்லை.
அரிசியும்பருப்புஞ் சோறு தின்று
ஒரு மணி நேரங்கூட ஆகியிருக்காது.
வயிறு எப்போதோ போதுமுங்க என்று
கும்பிடு போட்டுவிட்டது.
எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்.
நொறுக் நொறுக்கென்று
அறைக்குள் இன்னொரு ஆள் நடமாடுவதுபோல.

முறுக்கு தீர்ந்தால் கடலை.
கடலை தீர்ந்தால் தோலை ஊதிவிட்டு
அடியில் ஒட்டிய உப்பு.
ஒருநாள் திரையைப் பார்த்தபடியே எடுத்துக் கடித்தது
ரப்பர் ஸ்டாம்பின் மூடி.
அதையும் இரண்டு கடி கடித்த பிறகுதான்
தெரிந்தது.

ஆடிக்காற்று மண்ணை வாரியடித்த ஒரு மத்தியானம்
மேடைமேல் நானே ஏறி நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய் எழுபது.
வேலைக்குச் சேர்ந்த அன்று அறுபது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் இந்த எந்திரத்துக்கு.
பிடி பிடியாய்ப் போனது எதையும் அது பார்க்கவில்லை.
அறுபத்துநாலு வரைக்கும்
அறுபது அறுபது என்றே சாதித்திருக்கும்
யோக்கியன் மாதிரி.

எதிர்ப்பக்கப் பஞ்சர்க்கடை வெள்ளியங்கிரி
டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி கத்தினான்:
"அக்கோவ், வண்டி நம்பர் போடலீங்களா?"

போட்டேன்.
வண்டி எண்: கோகிலாமணி.
சரக்கு என்ற கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.
முறுக்கு என்று அடித்தேன், அழித்தேன்.
மத்தியானம் என்று அடித்தேன்.
சீட்டு வந்தது.

மறுநாள் டப்பாவை
ரோட்டைத் தாண்டி வெள்ளியங்கிரி கடையில் வைத்தேன்.
நாலு நாள் தாண்டிப் போய்த் தின்றேன்.
சிமெண்டு லாரிக்காரன் ஒருவன்
"சாகறதுக்கு எவன் வண்டி கெடைக்கும்னு பாக்கறயா" என்று
வைதுவிட்டுப் போனான்.
ஐந்தாம் நாள் டப்பா காலி.
வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தான்.
"சும்மாதானுங்க்கா உக்காந்திருந்தேன்..."

இப்போது கையிடம் ஒன்று கேட்கிறேன்:
நேற்றுக் கிளறிய களியும் புளித்த மோரும் தந்தால்
தின்பாயா?
பெரும்பாலும் பதில் வராது.
மடிக்கு இறங்கிவிடும்.
சில நாள் தின்பேன் என்கும்.
அன்றைக்கு அது பசிதான்,
போசியைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன்.

போன புதன்கிழமை கேட்கவே மறந்துபோனேன்.
அரைக் கிலோ மிக்சர்.
வியாழக்கிழமை மறுபடியும் கேட்டேன்.

சரக்கு ஏற்றப் போகும் வண்டி
முதலில் வெறுமனே வந்து ஏறும்.
வெறும் எடை இல்லாமல்
எந்தச் சரக்குக்கும் சீட்டு இல்லை.
இத்தனை வருசம் அதைத் தினமும் அடித்திருக்கிறேன்.

நேற்று மூன்றரைக்கு ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை.
பழைய முறுக்குத் தூள் கிடந்த இடத்துக்கு
ஒரு எறும்பு வந்து
சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.
திரையில் பூஜ்யம்.
காற்று ஓங்கி அடித்ததும்
பூஜ்யம் பத்தானது,
மறுபடியும் பூஜ்யமானது.
யார் ஏறி இறங்கியது என்று
எட்டிப் பார்த்தேன்.

சீட்டுப் போடவில்லை.