சாம்பல் மூடி

முதல் நாள் எடுத்த பதினெட்டும் வீண்.
துணை சுகாதார நிலையத்தில்
சாம்பல் மூடிக் குழாய்கள்தான் இருந்தன.
மாதம்மாள் சிஸ்டர் வரிசையாக நிரப்பி,
பெயரும் வயதும் எழுதிக்
கையில் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.

அந்தக் குழாய்க்குள் முன்பே இருக்கிறது
ஒரு சிட்டிகை சோடியம் ஃப்ளூரைடு.
சர்க்கரைச் சோதனைவரை
ரத்தம் தன் சர்க்கரையைத் தானே தின்றுவிடாமல்
வாயைக் கட்டி வைக்கும் உப்பு.
நான் தேடி வந்ததே அதைத்தான்,
பென்னாகரத்து ஆழ்துளைக் கிணறுகளில்,
பல்லின் பழுப்பில், மடங்காத முழங்காலில்.
குழம்பில் உப்பு எவ்வளவு என்று பார்க்கப் போய்
உப்புச் சாடியிலேயே குழம்பை ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"மறுபடியும் குத்துவீங்களா?" என்றான்
ஆறாம் வகுப்பு மாதேசு.
உதடு பிரியாமல் சிரிக்கப் பழகியிருந்தான்.

எனோலேஸ் என்றொரு நொதி.
செல்லுக்குள் சர்க்கரை உடைந்து இறங்கும் வழியில்
ஒன்பதாம் படியில் நிற்பது.
ஃப்ளூரைடு அங்கே தனியாக வராது.
மெக்னீசியத்தின் தோளில் கைபோட்டு
பாஸ்பேட்டையும் கூட்டிவந்து
வாசலை அடைத்துக் குந்திக்கொள்ளும்.
இதைக் கரும்பலகையில் வரைந்துதான்
முனைவர் பட்டத்துக்கு இடம் வாங்கினேன்.
அது நான்கு வருடத்துக்கு முன்.
உதவித்தொகை கடைசியாக வந்தது
ஏழு மாதத்துக்கு முன்.

இரண்டாம் முறை சிவப்பு மூடி, என் காசில்.
தெர்மாகோல் பெட்டி, சோடாக்கடை ஐஸ்.
இண்டூர் தாண்டும்போது சொட்ட ஆரம்பித்தது.
"மீனாம்மா? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.
"இல்லீங்க, ரத்தம்."
பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து
தர்மபுரிவரை நின்றே வந்தார்.
டவுன் பஸ்ஸில் பெண்ணுக்குக் காசில்லை.
ரத்தத்துக்கும் அன்று கேட்கவில்லை.

மையவிலக்கியில் ஒரு குழாய் குறைந்தது.
எதிரே சம எடை இல்லாவிட்டால்
ஆடும், அலறும், மேசையைவிட்டு நகரும்.
தண்ணீர்க் குழாய் வைப்பதுதான் வழக்கம்.
ஆனால் ஒப்பீட்டுக் குழுவிலும்
நாற்பதுக்கு ஒருவர் குறைவு.
ஓசூரில் வளர்ந்தவள் நான், பல் வெள்ளை.
கையை நீட்டினேன்.
வெங்கடலட்சுமி இரண்டாம் குத்தில் நரம்பைப் பிடித்தாள்.
உறைவதற்குள் கரண்ட் ஒருமுறை போய் வந்தது.

வரைபடத்தில்
முப்பத்தொன்பது புள்ளிகள் தரையோடு கிடந்தன.
ஒன்று மட்டும் மேலே,
மாதேசுக்குப் பக்கத்தில்.

மின்முனையைக் கழுவினேன்.
தாங்கல் கரைசலைப் புதிதாகக் கலக்கினேன்.
மூன்று முறை அளந்தேன்.
மூன்று முறையும் அங்கேயே இருந்தேன்.

இரவு பதினொன்று.
எருமைக்கடா மாதிரி உறுமிக்கொண்டிருந்தது ஃப்ரீசர்.
மேசைமேல் என் பாட்டில்,
விடுதித் தொட்டியில் பிடித்தது, பாதி குடித்தது.
தொட்டிக்கு லாரியில் வருகிறது.
லாரிக்கு எங்கிருந்து?
அறுபத்திரண்டு கிணறுகளை அளந்தவள்
அதைமட்டும் கேட்டதில்லை.

மூடியைத் திறந்து
மின்முனையை உள்ளே விட்டேன்.
எண் தயங்கி ஏறியது.
ஒன்றரையில் நிற்க வேண்டும்.
இரண்டு. இரண்டரை.
மூன்று புள்ளி ஒன்றில் நின்றது.
"தாகமா இருக்குடி, அதக் கொடு"
என்று பின்னாலிருந்து கை நீட்டினாள் வெங்கடலட்சுமி.

காலையில் நெறியாளரைப் போனில் பிடித்தேன்.
"ஒரு புள்ளிதானே, எடுத்துடுங்க.
அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்."
சார், தண்ணி, என்றேன்.
"தண்ணிய அப்புறம் பாப்போம்,
வர்ற வாரம் கட்டுரை போகணும்."

பக்கத்து அறையில்தான் இருந்தார்.
போனிலும் சுவர் வழியாகவும்
ஒரே நேரத்தில் கேட்டது
அவர் டீயை உறிஞ்சும் சத்தம்.